கார் நிற்கும் இடம்

ஜனவரி 6, திங்கள்

இன்னும் வாங்காத காரை எங்கள் தலைவர் கொண்டல்சாமி திருடிவிட்டார்.

இயக்குநர் கூட்டத்தில், எல்லோர் கண் முன்னாலும்தான் திருடினார். கம்பெனிக்கு ஒரு கார் வேண்டும் என்பது இன்றைய கூட்டத்தின் மூன்றாவது பொருள். முதல் பொருளுக்கே நாங்கள் வரவில்லை. அதற்குள் அவர் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "வீட்டு முன்னால போர்ட்டிகோவ இழுத்துக் கட்டச் சொல்லிட்டேன். பெரிய வண்டியா எடுத்தாலும் மழ படாம நிக்கும்" என்றார். நல்லது, நல்லது என்று தலைகள் ஆடின. கம்பெனி கார் ஏன் அவர் வீட்டில் நிற்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சரியான நேரத்துக்குக் காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது அவருடைய கம்பெனி இல்லை. விளாத்திகுளத்துக்குக் கிழக்கே கரிசல்காட்டில் மிளகாயும் மல்லியும் உளுந்தும் போடுகிற அறுநூறு பேர் ஆளுக்கொரு பங்கு எடுத்து ஆரம்பித்த உழவர் கம்பெனி. பங்குப் பத்திரத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். ஆனால் எடைமேடை அவர் வீட்டில். ஈரப்பதம் பார்க்கிற கருவி அவர் வீட்டில். லோடு ஆட்டோவும் அவர் வீட்டில்தான். அதன் முன்கண்ணாடியில் அவருடைய அப்பா பெயர். தன் மிளகாயைத் தன் தராசில் நிறுக்க வருகிற பங்குதாரர், அவர் சாப்பிட்டுக் கை கழுவுகிறவரை வெளியே நிற்கிறார். இந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. பொதுச்சொத்து என்றால் பெரிய கூரை எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துவிடும். கொஞ்ச நாளில் அது கூரைக்காரர் சொத்தாகிவிடும். யாரும் திருடியதாகவும் ஆகாது.

நான் இந்தக் கம்பெனியின் முதன்மைச் செயல் அலுவலர். பெயர் பெனிட்டா. வயது இருபத்தாறு, வேளாண் பட்டம், மூன்று வருட ஒப்பந்தம். மார்ச்சோடு முடிகிறது. புதுப்பிக்கிற கையெழுத்து தலைவருடையது.

மூன்றாவது பொருள் வந்ததும், வாங்க வேண்டாம், லீஸுக்கு எடுக்கலாம் என்று சொன்னேன்.

"வாடகைக்கா? இங்க என்ன கல்யாணமா நடக்கு?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தாராளமாக, "எதுன்னாலும் எழுதிக் கொண்டா பாப்பா. பொதுக்கூட்டத்துல வச்சிருவோம்" என்றார். தோற்கப்போவதில்லை என்று தெரிந்தவர்கள்தான் இவ்வளவு தாராளமாக இருப்பார்கள்.

டீ வந்தது. மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். எனக்கும் மாடத்தியக்காவுக்கும் பேப்பர் கப். சுகாதாரம்தான் காரணமாக இருக்கும். நான் இதையெல்லாம் கவனிப்பதில்லை.

மாடத்தியக்கா கிழக்குத் தெருவிலிருந்து வந்திருக்கும் ஒரே இயக்குநர். குழுவில் ஒரு பெண் பெயர் வேண்டும் என்று சேர்த்தார்கள். கூட்டத்துக்குள் வாயைத் திறந்ததில்லை. வெளியே வந்தால் மூடியதில்லை. பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தார்.

"ஏம் மேடம், போர்ட்டிகோவ இழுத்துக் கட்டுதாகள்லா, அதுல நம்ம பங்கு எத்தன அடி?"

ஜனவரி 9, வியாழன்

மதுரை. பரிசோதனைக்கூடத்துக்கு மிளகாய் மாதிரிகள் கொண்டுபோனேன். பை மடியில். எட்டயபுரம் தாண்டுவதற்குள் பஸ் முழுக்க இருமல். முன் சீட்டுக் கைக்குழந்தை தும்மித் தும்மி அழுதது. "யம்மா, அது என்ன பைக்குள்ள, குண்டா?" என்றார் கண்டக்டர். மிளகாய் என்றேன். "எறங்கி அடுத்த வண்டில வாங்க." இறங்கவில்லை. பின்படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டு வந்தேன், பையை வெளிக்காற்றில் நீட்டியபடி. கம்பெனிக்குக் கார் ஏன் வேண்டும் என்று தலைவருக்கு நான் எழுதிக் கொடுக்கவேண்டிய காரணம் இவ்வளவுதான். போன மாதம் சென்னையிலிருந்து மசாலாக் கம்பெனி ஆட்கள் காடு பார்க்க வந்தபோது தலைவருடைய சொந்தக் காரில் அழைத்துப்போனோம். அவர்கள் அவரைத்தான் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

மாலையில் கார் லீஸ் விடுகிற அலுவலகம். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் பொறுமையாகச் சொன்னார். வண்டி அவர்கள் பெயரில் இருக்கும். மாதாமாதம் பணம். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாலு வருடம் முடிந்ததும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு விதியைச் சொன்னார். ஒப்பந்தத்தில் எழுதிய அலுவலக முகவரியில்தான் வண்டி இரவில் நிற்க வேண்டும். பெயர் கொடுத்த ஓட்டுநர் மட்டுமே ஓட்டலாம். மீறினால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"அதச் சத்தமாச் சொல்லுங்க சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

கோவில்பட்டியில் ஒரு சொந்த வேலை. கிளட்சை மெதுவாக விட வேண்டும் என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. கம்பெனி காருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கலுக்குத் தூத்துக்குடி போய்த் திரும்பினேன். அம்மா வேலை பார்க்கும் உப்பளத்துக்கு மூன்று நாள் லீவு. கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டாள். "அடுத்த வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டாகளா?" "அந்தத் தலைவரு நல்ல மனுசன்தான?" "ஒந் தம்பிக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு இருக்குல்லா?"

எழுதிக் கொடுப்பார்கள் என்றேன். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கிற ஆள் இல்லை.

ஜனவரி 23, வியாழன்

லீஸா, வாங்குவதா: நாலு பக்க அறிக்கை முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. வாங்கினால் வங்கிக் கடன், வட்டி, தேய்மானம், பழுது. லீஸ் என்றால் தலைவலி இல்லை. முதல் மூன்று பக்கத்தில் இதைத் தெளிவாக வைத்தேன். மொத்த காலத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் லீஸில்தான் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். கடைசியில் கையில் வண்டியும் மிஞ்சாது. அதை நாலாம் பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில் போட்டேன். மறைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே அளவு எழுத்தில் போட்டால் மக்கள் குழம்புவார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

கோவில்பட்டி. ரிவர்ஸ். கல்லில் ஏற்றிவிட்டேன். சொல்லிக்கொடுப்பவர், "ஒங்க வீட்டுல கார் இருக்காம்மா?" என்றார். வரப்போகிறது என்றேன். வாய் தவறி வந்த சொல்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பொதுக்கூட்டம். தோற்றேன். முழுசாக எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் தூக்கம் வராது.

கம்பெனி சரக்கு வைக்கிற கிட்டங்கியில் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தோம். மல்லி மூட்டை வாசம். பறிப்புக் காலம் என்பதால் ஆண்கள் குறைவு, பெண்கள் அதிகம். எல்லோர் விரல் நுனியும் மிளகாய்க் காந்தலில் சிவந்திருந்தது. தலைவர் நாற்காலியில். நான் மூன்று பக்கங்களையும் வாசித்தேன். நாலாம் பக்கம் நேரமாகிவிடும் என்று விட்டேன்.

முன்வரிசையில் பால்ச்சாமி என்கிற பெரியவர் கை தூக்கினார். "லீசு லீசுங்கியே, அப்படின்னா என்னம்மா?"

இந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். நான்தான் மக்களுக்குப் புரிகிற தமிழில் பேச வேண்டும் என்று கொள்கை வைத்திருக்கிறேனே.

"குத்தகை மாதிரிங்கய்யா. வண்டி அவுங்களோடது. மாசாமாசம் பணங்கட்டி நாம ஓட்டிக்கிடலாம். நாலு வருசம் கழிச்சு அவுங்ககிட்டயே குடுத்திருவோம்."

கிட்டங்கி அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்கு முதலில் புரியவில்லை. கிழக்குத் தெருவில் சொந்த நிலமுள்ள வீடு ஒன்றிரண்டுதான். மற்ற எல்லோரும் குத்தகைக்கு உழுகிறவர்கள். இதை எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பங்குதாரர் விவரத்தை நிரப்பியதே நான்.

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார். "நாலு வருசம் கழிச்சு வண்டியப் புடுங்கிட்டுப் போயிருவானா?"

"புடுங்க மாட்டாங்கக்கா. நாமளா திருப்பிக் குடுக்கோம்."

"அதத்தான் எங்க மாமனார்கிட்டயும் சொன்னாக. கருவேல முள்ள வெட்டி, வேரத் தோண்டி, கல்லுப் பொறக்கி, வண்டி வண்டியா கொளத்து மண்ணடிச்சு நெலத்தத் தேத்துனாரு. வெள்ளாம ஏறுன வருசம், வீட்டுல பேசிக்கிட்டோம், நாங்களே பாத்துக்கிடுதோம்னு வாங்கிட்டாக. நாமளா திருப்பிக் குடுத்ததாத்தான் பேச்சு."

யார் வாங்கிக்கொண்டது என்று அவர் சொல்லவில்லை. கூட்டம் முழுக்கக் கிட்டங்கியின் கூரையைப் பார்த்தது, தலைவரைத் தவிர வேறு எங்கேயும் பார்க்கலாம் என்பதுபோல. பிறகு ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். குத்தகை போன கதைகள். காரை மறந்துவிட்டார்கள். நான் என் தாள்களை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மாடத்தியக்கா எழுந்தார். கூட்டத்துக்குள் அவர் குரலை நான் கேட்பது இதுதான் முதல் தடவை. தலைவரை அவர் தெருவில் எல்லோரும் மொதலாளி என்பார்கள், மாடத்தியக்காவும் அப்படித்தான்.

"தலைவரே" என்றார்.

அவர் அப்படி அழைத்ததும் தலைவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியதைப் பார்த்தேன்.

"வண்டிய வாங்குவோம். கடன்னாலும் கெடக்கட்டும். எங்க தெருவுல இதுவர எதுவும் எங்க பேருல ஓடுனதில்ல. இது ஓடட்டும்."

கைகள் உயர்ந்தன. எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. தலைவர் முகமெல்லாம் பல். "கேட்டியா பாப்பா, சனம் என்ன சொல்லுதுன்னு?"

"இருங்க தலைவரே, இன்னும் கைய எறக்கல" என்றார் மாடத்தியக்கா. "வண்டி எங்க நிக்கும்?"

"எங்க நிக்கும்? நம்ம வீட்டுலதான்."

"நம்ம வீடுன்னா யாரு வீடு?"

சிரிப்பு. தலைவரும் சிரித்தார். "கிட்டங்கி வெளியில நிப்பாட்டுனா வெயில்ல பெயிண்டு வெந்துபோகும். செட்டு இருக்கா இங்க?"

"நாங்களே செட்டு கெட்டுனா?"

"கெட்டுங்க, தாராளமாக் கெட்டுங்க. கெட்டி முடிச்ச அன்னைலருந்து வண்டி அங்கனதான் நிக்கும். பாப்பா, அதையும் மினிட்ல எழுதிக்கோ."

எழுதினேன். அவர் ஏன் தாராளமாகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் பொதுவில் ஆரம்பித்த எந்தக் கட்டடமும் முடிந்ததில்லை. பஸ் நிறுத்தத்துக் கூரையே இன்னும் கம்பியாக நிற்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

மாடத்தியக்கா அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"நாலாம் பக்கத்துல என்னமோ இருக்காம்லா. மேற்குத் தெரு செல்லையா அண்ணாச்சி கண்ணாடியப் போட்டு வாசிச்சாரு. லீசுலதான் கூடச் செலவாம்."

கொஞ்சம்தான் என்றேன்.

"கொஞ்சமோ நெறையவோ, அத ஏன் எறும்பு மாதிரி எழுதி வச்சிருக்கீக?"

உண்மையைச் சொன்னேன். லீஸ் என்றால் வண்டி அலுவலகத்தில்தான் நிற்க வேண்டும், தலைவர் எடுத்துக்கொண்டு போக முடியாது, அதற்காகத்தான் என்றேன். அவர் நிறைய நேரம் சிரித்தார். மூட்டை குலுங்கியது.

"அப்ப ஒரு மொதலாளிய மறிக்க மதுரைல இருந்து இன்னொரு மொதலாளியக் கூட்டியாரதுதான் ஒங்க திட்டம். நாங்க அறுநூறு பேரு இருக்கோமே, அது ஞாபகம் வரலயாக்கும்."

"இதுவரைக்கும் நீங்க யாராவது வாயத் தொறந்திருக்கீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றவில்லை. உண்மைதானே.

"நீங்க தொறந்தீகளா? அன்னிக்குப் போர்ட்டிகோன்னு சொல்லும்போது ஒங்க வாய்க்குள்ள என்ன இருந்துச்சு, டீயா?"

கடுப்பு. குழாயில் தண்ணீர் வரவில்லை; ஊறவைத்த துணி நாறுகிறது.

பிப்ரவரி 10, திங்கள்

கார் கடன் விண்ணப்பத்தில் தலைவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். வண்டி கம்பெனி பெயரில் பதிவாகும். முகவரி கிட்டங்கி. அந்த வரியை நான் நிரப்பினேன், பெரிய எழுத்தில்.

கிட்டங்கிக்குப் பக்கத்தில் நாலு குழி தோண்டியிருக்கிறது. யார் தோண்டியது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 15, சனி

குழியில் பனங்கட்டை நட்டாகிவிட்டது. இடிந்த வீட்டு உத்தரங்கள். பணமாக யாரிடமும் கேட்பதில்லை என்று மாடத்தியக்கா உத்தரவு. "துட்டுக் கேட்டா தலைக்கு ஒரு பேச்சு வரும். வீட்டுல சும்மா கெடக்குறதக் குடுன்னு கேளு, குடுத்துட்டு நிம்மதியாப் போவாக." காலையில் மிளகாய் பறிப்பு, களத்தில் காயப்போடுதல், வெயில் தாழ்ந்ததும் இங்கே. தகரங்கள் வந்து குவிகின்றன. ஒன்றில் டீத்தூள் விளம்பரம், ஒன்றில் பாதி அழிந்த தேர்தல் சின்னம், ஒன்று ஆட்டுத்தொழுவத்துத் தகரம், வாடை இன்னும் போகவில்லை. பால்ச்சாமி ஐயா ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து, "காருக்குக் கதவு வேணும்லா" என்றார். காரிலேயே கதவு இருக்கும் என்றார்கள். "அது அவன் குடுக்க கதவு. இது நம்ம கதவு" என்று வைத்துவிட்டுப் போனார்.

நான் கட்டைக்குக் கரையான் ஏறாமல் கீல் எண்ணெய் அடித்தேன். என் பதவிக்குரிய வேலைப் பட்டியலில் இது இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

தலைவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். தனியாக. உள்ளே கூடத்தில் உட்காரச் சொன்னார். டீ எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அவருடைய மனைவியே கொண்டுவந்து கொடுத்தார். சீனி அதிகம்.

"மூணு வருசம் நல்லா ஓடிருக்க பாப்பா. சென்னைக்காரன் ஒன்னப் பத்திக் கேட்டான், நம்ம பிள்ளைன்னு சொன்னேன். அடுத்த மூணு வருசத்துக்கும் நீதான். லெட்டர் அடிச்சு வச்சிருக்கேன்." மேசையில் உறை தெரிந்தது. "இந்தச் செட்டு வெளையாட்ட மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லு. பறிப்பு முடியட்டும். மழைக் காலம் வரட்டும். நீ சொன்னா கேப்பாக. நீயும் அவுகளும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான?"

கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன். டம்ளர் சூடாக இருந்தது.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டியதில்லை. நன்றி என்று சொன்னது மரியாதைக்காக.

பிப்ரவரி 21, வெள்ளி

தலைவலி. செட்டு வேலைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 22, சனி

தலைவலி. அம்மா போன் செய்தாள். லெட்டர் தயாராக இருக்கிறது என்று சொன்னேன். அழுதாள், சந்தோஷத்தில். அறையைப் பெருக்கினேன். மறுபடி பெருக்கினேன்.

பிப்ரவரி 24, திங்கள்

போனேன். தகரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாடத்தியக்கா மேலே சாரத்தில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

"தலவலி தேவலயா மேடம்?"

தேவலை என்றேன்.

"டம்ளர்ல டீ குடிச்சா அப்பிடித்தான் வரும். பழக்கமில்லாத ஒடம்பு."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊரில் யார் வீட்டில் யார் எதில் குடித்தார்கள் என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நான் தகரத்தின் மறுமுனையைப் பிடித்தேன். விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. ஒரு பெண் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டார். அவர் விரலில் இருந்த மிளகாய்க் காந்தல் காயத்தில் பட்டு உயிர் போனது. "மருந்து காந்தத்தான் செய்யும்" என்றார்.

திரும்பி வரும்போது தலைவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். செட்டு ஞாயிற்றுக்கிழமை முடியும், தீர்மானப்படி வண்டி அங்கே நிற்கும் என்று. மூன்று தடவை அழித்து எழுதினேன். எழுத்துப்பிழை இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

செட்டு முடிந்தது.

பெருமை என்கிற சொல் எனக்குப் பிடிக்காது. இந்தப் பக்கம் அதை மீசைக்கும் மாலைக்கும் பேனருக்கும் செலவழித்து அழுக்காக்கிவிட்டார்கள். ஆனாலும் இன்று வேறு சொல் கிடைக்கவில்லை. கூரையில் ஒரு தகரம் மற்றதோடு சேரவில்லை. நிறம் நாலு. ஒரு மூலை லேசாகச் சாய்ந்திருக்கிறது. பால்ச்சாமி ஐயாவின் கதவு ஒரு பக்கம் மட்டும், மறுபக்கம் திறந்த வெளி. ஆனால் நான் படித்த காலத்தில் பார்த்த எந்தக் கட்டடமும், நூலகம் உட்பட, எனக்கு இப்படி இருந்ததில்லை. காயப்போட்ட மிளகாய் செட்டைச் சுற்றிக் களம் முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், கார் நிற்கப்போகிற இடத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருவர் உட்கார்ந்து பார்த்தார். "சீட்டு கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்றார், மண்ணைத் தட்டி.

மாடத்தியக்கா கையில் சுண்ணாம்பு மட்டையோடு நின்றார். என்ன எழுத வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். கம்பெனியின் முழுப் பெயரைச் சொன்னேன். இடம் போதவில்லை. கடைசியில் "எல்லாரும்" என்று மட்டும் எழுதினார்கள். எல்லாரும் என்ன என்று கேட்டேன். அதுபோதும் என்றார்கள்.

உரிமம் வந்துவிட்டது. கார் ஓட்டும் உரிமம். அதை இன்று மாடத்தியக்காவிடம் காட்டினேன். போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீக, கடன்காரி மாதிரி?" என்றார். பிறகு பக்கத்திலிருந்தவர்களிடம் எல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். நான் யாரிடமும் காட்டச் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

தூத்துக்குடி ஷோரூமிலிருந்து கார் வந்தது. பதிவுச் சான்று கம்பெனி பெயரில். தலைவருடைய தங்கை மகன் ரகு ஓட்டிக்கொண்டு வந்தான். செட்டுக்கு முன்னால் நாங்கள் நாற்பது ஐம்பது பேர் காத்திருந்தோம். ஆரத்தித் தட்டு இருந்தது. தேங்காய் இருந்தது. கார் எங்களைத் தாண்டிப் போனது. வேகமாகக்கூட இல்லை. மெதுவாக, நாங்கள் நன்றாகப் பார்க்கும்படி. வெள்ளைக் கார். ரகு கண்ணாடியை இறக்கி, "கொலசாமிக்குப் பூசை போட்டுட்டு வந்திருதோம்" என்றான்.

மத்தியானம் வரை நின்றோம். யாரும் போகவில்லை. பிறகு தலைவர் வீட்டுப் பக்கமிருந்து வந்த ஒருவர் சொன்னார்: வண்டி போர்ட்டிகோவில் நிற்கிறது, உறை போட்டாகிவிட்டது, முன்கண்ணாடியில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

போன் செய்தேன்.

"நாளு நல்லா இல்ல பாப்பா. நாலு நாள் போகட்டும், பாத்து அனுப்புதேன்."

"எந்தத் தேதி சார்?"

"அது எப்படித் தேதி சொல்ல முடியும்? வண்டின்னா ராசி இருக்கு. அந்தத் தகரக் கொட்டாயில நிப்பாட்டி ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" கொஞ்சம் நிறுத்தினார். "ஒன் லெட்டரும் இன்னும் மேசையிலதான் கெடக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருக்கிறது என்றேன். இருந்தது.

ஆரத்தித் தட்டை யாரும் கொட்டவில்லை. மாடத்தியக்கா தேங்காயை மட்டும் எடுத்துச் செட்டுக்குள் மண்ணில் வைத்தார். ஒவ்வொருவராகக் களத்துக்குப் போனார்கள். அதைவிட அவர்கள் என்னைத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 6, வியாழன்

இதைத் தலைவர் வீட்டு மதில் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் நான் தனியாகத்தான் வந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. தீர்மான நகலும் பதிவுச் சான்று நகலும் பையில் இருந்தன. எடுக்கத் தேவை வரவில்லை. கேட்டைத் தாண்டும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பறிப்பை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இடுப்பில் கட்டிய சேலை மடி, மடிக்குள் மிளகாய். சிலர் கையில் பிள்ளை. மாடத்தியக்காவுக்கு மூச்சிரைத்தது.

"சொல்லாமக் கொள்ளாம வாரதுக்கு இது என்ன ஒங்க வீட்டுச் சோலியா?" என்றார் என்னிடம்.

தலைவர் வெளியே வந்தார். பல் துலக்கிக்கொண்டிருந்தவர், துண்டு தோளில். கூட்டத்தைப் பார்த்ததும் வாயைத் துடைத்தார்.

"என்ன இத்தன பேரு? கூலியா கேட்டு வந்திருக்கீக?"

"கூலி கேட்டு வந்தா பின் வாசலுக்குல்ல வருவோம்" என்றார் மாடத்தியக்கா. "இது பங்குதாரரா வந்திருக்கோம். முன் வாசல்தான்."

அவர் என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ படிச்சவ. இதோட முடிவு என்னன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன?"

"லெட்டர நீங்களே வச்சிக்கோங்க. வண்டியத் தாங்க."

என் குரல் நடுங்கவில்லை. பக்கத்தில் நின்ற யாரையும் கேட்டுப் பார்க்கலாம். மாடத்தியக்கா மட்டும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், எனக்கு எதற்கென்று தெரியவில்லை. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அப்போது நினைக்கவில்லை. இப்போதும் நினைக்கவில்லை.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டிவி போட்டார்கள். சத்தமாக.

யாரும் கிளம்பவில்லை. வெயில் ஏறிவிட்டது. பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்து மடி மிளகாயைக் கொட்டிக் காம்பு கிள்ளுகிறார்கள். வேலை கெடக் கூடாது என்கிறார்கள். போர்ட்டிகோவிலிருந்து தும்மல் சத்தம் கேட்கிறது, ரகுவாக இருக்கும். கிழக்குத் தெருவிலிருந்து இன்னும் ஆட்கள் வருகிறார்கள். மேற்குத் தெருவிலிருந்தும் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். செல்லையா அண்ணாச்சி கண்ணாடியோடு. வந்தவர்கள் எதையும் கேட்கவில்லை, இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். மூன்று வருடம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். இவ்வளவு பேர் சேர்ந்து இவ்வளவு நிதானமாக உட்கார்ந்து பார்த்ததில்லை. இவர்களுக்குத்தான் நான் செயல் அலுவலர். மார்ச் முடிகிறவரையாவது.

நோட்டை மூடிவிட்டு எழுந்து கதவுப் பக்கம் போனேன். திரும்பி வந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். கதவைத் தட்டவில்லை. ஜன்னலுக்கு நேராக நின்று, பின்னாலிருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"தலைவரே, எங்க கார் சாவியக் கொண்டுவந்து குடுங்க."

உள்ளே டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவ்வளவுதான்.